பாயின்ட்டைத் தப்பாகப் போட்டுவிட்டீர்களா? கேரக்டரை அழிக்க வேண்டாம்

கேள்வி: எல்டன் ரிங் வீடியோ கேமில் சாமுராய் கேரக்டர் எடுத்து லெவல் 60 வரை வந்துவிட்டேன். எல்லா ஸ்டாட்டுக்கும் (கேரக்டரின் திறன் எண்கள்) சமமாகப் பாயின்ட் போட்டதில் ஒவ்வொன்றும் 17, 18-லேயே நிற்கிறது. எந்த பாஸிடம் (பெரிய எதிரியிடம்) போனாலும் இரண்டே அடியில் சாகிறேன். முதலிலிருந்து ஆரம்பிக்கவா? டெலிகிராமில் ஒருவர் 1,500 ரூபாய்க்கு லெவல் ஏற்றித் தருவதாகச் சொல்லி என் கேம்கள் இருக்கும் ஸ்டீம் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டைக் கேட்கிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம். ராயா லுக்காரியா அகாடமியில் ரெனாலா என்ற பாஸை ஜெயியுங்கள். பிறகு அதே இடத்தில் அவரிடமே பேசி லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால், போட்ட பாயின்ட்டை எல்லாம் எடுத்து மறுபடி பிரித்துப் போடலாம். சியோஃப்ரா ஆற்றுப் பகுதியில் இருக்கும் வியாபாரி 3,000 ரூனுக்கு (ஆட்டத்துக்குள் புழங்கும் காசு) ஒன்று விற்கிறார். இத்தனை அவசியமான வசதியை ஒரு பாஸுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் புதிதாக ஆடுபவருக்கு எப்படித் தெரியும்? டெலிகிராமில் லெவல் விற்கும் இந்தத் தரகர்கள் பிழைப்பதே அதில்தான்.

மறுபடி பிரித்துப் போட உங்களிடம் இருப்பது 51 பாயின்ட். விகரை (உயிரின் அளவைத் தீர்மானிக்கும் ஸ்டாட்) 40 ஆக்க 28 போகும். டெக்ஸ்டெரிட்டியை (கைத்திறன்) 30 ஆக்க 15, எண்டூரன்ஸுக்கு (தாக்குப்பிடிக்கும் திறன்) 5, மீதி 3 ஸ்ட்ரெங்த்துக்கு (வலிமை). மாயம், மந்திரம் பக்கமே போகாதீர்கள். விகர் 40-ல் உயிர் 1,450, 60-ல் 1,900, அதற்கு மேல் 99 வரை ஏற்றினாலும் 2,100தான். 39 பாயின்ட்டுக்கு வெறும் 200! இதை ஆட்டம் எங்கேயும் வாய் திறந்து சொல்வதில்லை.

ஒன்று மட்டும் மாறாது. ஆரம்பத்தில் எடுத்த கிளாஸின் (சாமுராய் போன்ற கேரக்டர் வகை) அடிப்படை எண்ணுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. சாமுராய்க்கு டெக்ஸ்டெரிட்டி 15. நாளைக்கே மந்திரவாதியாக மாற நினைத்தாலும் அந்த 15 அப்படியே கிடக்கும். மந்திரவாதி கிளாஸான அஸ்ட்ராலஜர், மந்திரத்துக்குத் தேவையான இன்டெலிஜென்ஸ் 16-ஓடு தொடங்கும் இடத்தில் நீங்கள் 9-லிருந்து ஏற வேண்டும். சில லெவல் நஷ்டம்தான். அதற்காக 60 லெவலைத் தூக்கிப் போடாதீர்கள்.

தரகர் கதைக்கு வருகிறேன். 2022-ல் ஆட்டம் வந்த புதிதிலேயே, ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்ட ஓர் உள்ளாடையை முன்பின் தெரியாதவர்கள் கீழே போட, எடுத்தவர்களின் அக்கவுன்ட்டுக்குத் தடை விழுந்தது. ஹேக் செய்த பொருளைப் போட்டவர் நழுவிவிடுவார், மாட்டுவது வாங்கியவர். இவர் பாஸ்வேர்டே கேட்கிறார். போனால் உங்கள் மொத்த கேம் லைப்ரரியும் போகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரெனாலாவை அப்புறம் பார்க்கலாம், இப்போதே பாஸ்வேர்டை மாற்றி ஸ்டீம் கார்டை (Steam Guard, லாகினுக்குக் கூடுதல் கோட் கேட்கும் பாதுகாப்பு) ஆன் செய்யுங்கள்.