கல்லூரியில் சேரும் முன்: சேர்க்கைப் பிரிவு ஊழியரின் பதில்கள்

கல்லூரி அலுவலகத்தில் மாணவர் சேர்க்கையைக் கவனிக்கும் ஊழியர், முதலாண்டில் சேரவிருப்போருக்குப் பதில் சொல்கிறார்.

தர்மபுரி மாணவி: அக்கா, பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. முதலில் எதைச் செய்யணும்?

சான்றிதழ்களைத்தான்மா. வருமானச் சான்று பழையதாக இருந்தால் இன்றைக்கே இ-சேவை மையத்துக்குப் போ. விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் அது கைக்கு வரும். கவுன்சிலிங் தொடங்கிவிட்டால் ஊரே அங்கே நிற்கும்.

அடுத்து, மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார். பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஒன்றாக இருக்கிறதா? ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சேரும் முன்பே திருத்திவிடு. உதவித்தொகை வராமல் பிள்ளைகள் எங்கள் ஜன்னலில் வந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். டிசியை (மாற்றுச் சான்றிதழ்) கல்லூரியில் கொடுக்கும் முன் ஸ்கேன் செய்துகொள்.

அதே மாணவி: ஆறிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தேன். மாதம் 1,000 ரூபாய் எனக்கும் வருமா?

வரும். அது 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும், பள்ளியில் தந்த மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண்ணும் தயாராக இருக்கட்டும்.

சேலம் மாணவன்: அண்ணன் பி.காம். முடித்திருக்கிறான். எனக்கு முதல் பட்டதாரி சான்று கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. குடும்பத்தில் ஒருவர் பட்டம் வாங்கியிருந்தாலும் தர மாட்டார்கள். அதன் கட்டணச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதே.

ஒரு தந்தை: வேறு கல்லூரியில் இடம் கிடைத்தால், ஒரிஜினல் சான்றிதழ்களைத் தர மாட்டோம் என்கிறார்களே?

அப்படிப் பிடித்துவைக்கக் கூடாது ஐயா. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இலேயே அதைத் தடை செய்து அறிவித்திருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், அந்தக் கடிதத்தின் நகலில் ஒப்புகை வாங்குங்கள்.

தமிழ் வழி மாணவன்: ஆங்கிலத்தில் பாடம் நடத்துவார்களே, பயமாக இருக்கிறது.

பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில வழிப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். நீ தமிழில் நன்றாகப் படித்த ஒரு பாடத்தை எடுத்து, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் படி. உனக்கு விஷயம் தெரியும், பெயர்கள்தான் புதிது. வகுப்பு தொடங்கும் முன் பாதிப் பயம் போய்விடும்.

அதே மாணவன்: லேப்டாப் இப்போதே வாங்கணுமா?

வேண்டாம். முதல் மாதம் போகட்டும், துறை ஆசிரியரிடம் கேட்டு வாங்கு.

அதே மாணவன்: விடுதியில் ராகிங் இருந்தால்?

வார்டனிடம் சொல். தயக்கமாக இருந்தால் 1800-180-5522 என்ற இலவச எண்ணுக்குப் பேசு. எந்த நேரமும் எடுப்பார்கள். அப்பா அம்மா போனிலும் அந்த எண்ணைப் பதிந்து கொடுத்துவிட்டுப் போ.