பத்திரிகை வேலைக்குப் போகலாமா?

கேள்வி: உயர்தரம் கலைப்பிரிவில் எழுதிவிட்டு வெள்ளவத்தையில் வீட்டில் இருக்கிறேன். பத்திரிகையாளராக ஆசை. அம்மா, அப்பா ஆசிரியர் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். டிப்ளோமா படிப்பதா, நேரே வேலைக்குப் போவதா? சம்பளம் போதுமா?

பதில்: சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான். அறை வாடகை கொடுத்துக் கொழும்பில் தனியாக இருப்பவருக்கு அது காணாது. நீங்கள் வீட்டிலிருந்து போய்வரலாம் என்பதால் முதல் இரண்டு வருடத்தைச் சமாளிக்கலாம். ஆனால் நியமனக் கடிதம் இல்லாமல் சேராதீர்கள். பயிற்சி என்று சொல்லி பஸ் காசோடு மாதக்கணக்கில் வேலை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12. நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் இன்னும் 3 கட்ட வேண்டும். கட்டுவார்களா என்று சேரும்போதே கேளுங்கள்.

டிப்ளோமா நல்லது, செய்யுங்கள். அதைவிட அவசரமாகச் செய்யவேண்டியது சிங்களம் படிப்பது. பேச்சுச் சிங்களம் மட்டும் போதாது, வாசிக்கவும் வேண்டும். பொலிஸ் ஊடகப் பிரிவின் அறிக்கை பெரும்பாலும் சிங்களத்தில்தான் முதலில் கைக்கு வரும். புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி எழுந்து வேகமாகச் சமர்ப்பணம் செய்வார், நீதவான் இரண்டு வரியில் கட்டளை சொல்லிவிட்டு அடுத்த வழக்கை எடுப்பார். பின்வரிசையில் நிற்கும் நிருபருக்கு அந்த இரண்டு வரியும் பிடிபட வேண்டும். பிடிபடாதவர் வெளியே வந்து சக நிருபரிடம் கேட்டுத்தான் எழுதுவார். அப்படி எழுதிப் பழகியவர்கள் காலம் முழுக்க மேசையில் மொழிபெயர்ப்பிலேயே தங்கிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். திறமையான பிள்ளைகள் அவர்கள்.

மொழிபெயர்ப்பும் லேசான வேலையில்லை. நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில், இரவு பக்கம் முடிக்கும் அவசரத்தில், 15 மில்லியன் ரூபா என்றிருந்ததை 15 கோடி என்று எழுதிவிட்டேன். ஒன்றரைக் கோடி என்று வந்திருக்க வேண்டும். காலையில் ஒரு வாசகர் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பெரிய தொகை வந்தால் தாளின் ஓரத்தில் பூச்சியங்களை எழுதி எண்ணிப் பார்க்காமல் விடுவதில்லை.

வீட்டாரின் பயத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2000இல் பத்திரிகையாளர் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதும், 2005இல் பத்திரிகையாளர் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டதும் அவர்கள் காலத்தில் நடந்தவை. இரவுப் பணி முடிந்தால் எப்படி வீடு வருவீர்கள், அலுவலக வாகனம் உண்டா என்று தெரிந்துகொண்டு அவர்களிடம் சொல்லுங்கள்.

படிப்பு தொடங்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஒழுங்கையில் மழைக்கு நிரம்பும் வடிகாலை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது துப்புரவு செய்தார்கள், எவ்வளவு செலவானது என்று மாநகர சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பதில் வந்ததும் பக்கத்து வீட்டாரிடமும் விசாரித்து 300 சொல்லில் எழுதுங்கள். வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு அதையும் பத்திரிகை ஆசிரியரின் மேசையில் வையுங்கள்.