வாசகர் கேள்வி பதில்: பாசி போர்த்திய காட்டில் ஒரு நடை

கேள்வி: அக்டோபரில் சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் இருக்கும் ஹோ மழைக்காட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். எனக்கு வயது 61, முழங்கால் வலி உண்டு. என்னால் நடக்க முடியுமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
– வாசகி, ஓசூர்

பதில்: தாராளமாக நடக்கலாம். ‘ஹால் ஆஃப் மாஸஸ்’ என்ற சுற்றுப்பாதை மொத்தமே 1.3 கிலோமீட்டர்தான். தொடக்கத்தில் ஒரு சிறு ஏற்றம் வரும். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் சமதரை. பக்கத்திலேயே ‘ஸ்புரூஸ்’ பாதை, 1.9 கிலோமீட்டர், ஹோ ஆற்றங்கரை வரை போய்த் திரும்பும். முழங்காலுக்குத் தொல்லை தூரத்தால் வராது. நனைந்த வேர்களில் கால் வழுக்குவதால்தான் வரும். அடிப்பாகத்தில் ஆழமான வெட்டுகள் உள்ள ஷூவும் ஒரு கைத்தடியும் போதும். கேன்வாஸ் ஷூ வேண்டாம், பத்து நிமிடத்தில் ஊறிவிடும்.

நம் பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை. ஹோவில் சுமார் 3,500. அதில் பெரும்பகுதி நவம்பரிலிருந்து மார்ச் வரை கொட்டிவிடும். ஆகவே அக்டோபர் முதல் பாதியிலேயே போய் வாருங்கள். மேப்பிள் இலைகள் மஞ்சளாகியிருக்கும், ஜூலை, ஆகஸ்ட் மாதக் கூட்டமும் இருக்காது.

முக்கியமானது உடை. பகலில் 10 டிகிரி என்றால், மார்கழி விடியலில் ஓசூரில் தாங்காத குளிரா என்று தோன்றும். ஆனால் பருத்தித் துணி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் காட்டில் அது சீக்கிரம் காயவும் காயாது. காட்டன் புடவை, காட்டன் சுடிதார், ஜீன்ஸ் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளி பனியன், நடுவே ஃப்ளீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கை இழைச் சட்டை, மேலே மழைக்கோட்டும் மழைக்கால்சட்டையும். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி. ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். குடையை நம்ப வேண்டாம். மழை விட்ட பிறகும் கிளைகளிலிருந்து வெகுநேரம் சொட்டும், கைத்தடி பிடிக்கும் கையைக் குடை கட்டிப்போடும். நடுக்கம் நிற்காமல், விரலால் ஜிப் இழுக்கக்கூட முடியவில்லை என்றால் நடையை அங்கேயே நிறுத்துங்கள். ஈர உடையை மாற்றி, ஃபிளாஸ்கிலிருந்து சூடாக இனிப்புத் தேநீர் குடியுங்கள்.

சியாட்டிலிலிருந்து காரில் நான்கு மணி நேரம் ஆகும். ஒரே நாளில் போய் வந்தால் நடக்கத் தெம்பு மிஞ்சாது. ஃபோர்க்ஸ் ஊரில் ஓர் இரவு தங்கிவிட்டு, காலை ஒன்பது மணிக்குள் வாசலுக்குப் போய்விடுங்கள். செல்போன் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்னாலேயே இறக்கிக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் ஆற்று வெள்ளம் அந்தச் சாலையையே அரித்துக்கொண்டு போய், 2025 மே மாதம்தான் மறுபடி திறந்தார்கள். ஆகவே புறப்படும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லாத பாதையில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது? அரை மணி நேரத்தில் முடிந்துவிடாதா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: அரை மணியில் முடித்தவர்கள் மரங்களைப் பார்த்திருப்பார்கள், காட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் விழுந்து கிடக்கும் ஒரு பெரிய மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை அதன் முதுகு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பாசிமெத்தை மேல் விரல் நீளத்தில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் நாற்றுகள் வரிசையாக நிற்கும். தரையெல்லாம் பாசியும் பெரணியும் நெருக்கியடித்துக் கிடப்பதால் அங்கே விழும் விதைக்கு வெளிச்சம் கிடைக்காது. மரத்தின் முதுகில் விழுந்த விதைக்குத்தான் வாழ்வு. செவிலி மரம் என்று அதைச் சொல்லலாம். நம் ஊரில் ஒரு மரம் சாய்ந்தால் வெயிலும் கரையானும் சில வருடங்களில் தின்று தீர்த்துவிடும். அங்கே குளிர், ஆகவே மட்குவதற்கு நூற்றாண்டுகள்கூட ஆகும். அதற்குள் நாற்றுகள் இருபுறமும் வேரை இறக்கி மண்ணைத் தொட்டுவிடும். பாதையோரம் சில மரங்கள் வரப்பில் வைத்த தென்னை மாதிரி நேர்கோட்டில், வேர்க்கால்களுக்கு அடியில் ஆள் நுழையும் இடைவெளியோடு நிற்கும். அந்த வெற்றிடம்தான் செவிலி மரம் கிடந்த இடம்.

அடுத்தது பெரிய இலை மேப்பிள். கிளைகளில் தாடி தாடியாகத் தொங்கும் பாசி மரத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி அல்ல, உட்கார இடம் மட்டும் கேட்பது. மரத்துக்கும் அதனால் லாபம் உண்டு. பாசிக்கடியில் சேரும் மட்குக்குள் மேப்பிள் தன் கிளையிலிருந்தே வேர் விட்டு நீரும் சத்தும் எடுத்துக்கொள்கிறது. மரத்தின் மேலேறி ஆய்வு செய்த நளினி நட்கர்ணி இதை 1981-இல் வெளியிட்டார். பாதையில் கீரை இலை போல வெளிர்பச்சையாக ஏதாவது விழுந்து கிடந்தால் குனிந்து பாருங்கள். பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைத்து, விழுந்து மட்கும்போது காட்டுக்கே உரமாகிறது.

பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். ஒரு மிதியில் நசுங்கும் பாசி மறுபடி படரப் பல வருடங்கள் பிடிக்கும்.

கேள்வி: அங்கே ஆபத்தான மிருகங்கள் உண்டா?
– மாணவர், பாலக்கோடு

பதில்: கரடி உண்டு, ஆனால் நீங்கள் அதிகம் சந்திக்கக்கூடியது ரூஸ்வெல்ட் எல்க் என்ற பெரிய மான். செப்டம்பர், அக்டோபர் அதன் இணைசேரும் காலம், ஆண் மான் முட்ட வரும். 45 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலால் மானை மறைத்துப் பாருங்கள். மறையவில்லை என்றால் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பலத்த காற்று நாளில் காட்டுக்குள் போகாதீர்கள். ஈரம் மேலேயே கிடைப்பதால் அங்கே மரங்கள் வேரை ஆழமாக விடுவதில்லை, சாய்ந்துவிடும்.

கேள்வி: அமெரிக்கா போக எங்களுக்கு வசதியில்லை. இங்கே பக்கத்தில் இப்படி ஒரு காடு இல்லையா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் இல்லை. உங்கள் ஊரைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் வறண்ட காடு. காவிரிக் கரையில் மட்டும் நீர்மருதுகள் குடை பிடித்து நிற்கும், சாம்பல் நிற மலை அணில் அங்கேதான் கூடு கட்டும். 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் ஆன பகுதி அது. யானை நடமாட்டம் உள்ள இடம், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நடப்பது குற்றம், உயிருக்கும் ஆபத்து.

பாசியும் பெரணியும் மூடுபனியும் வேண்டுமென்றால் நீலகிரிச் சோலைக்குப் போங்கள். அது வெப்பமண்டல மலைக்காடுதான், ஹோ போல மிதவெப்பக் காடு அல்ல. ஆனாலும் இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் ஈரமான மிதவெப்பக் காடு என்ற தலைப்பில்தான் சோலைகளைச் சேர்த்தார்கள். கோத்தகிரி பக்கம் லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர், 2024-இல் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு போக வேண்டும். சேலம், அவினாசி, மேட்டுப்பாளையம் வழியாகப் போனால் ஒரு பகல் பயணம்.

மழைக்காலத்தில் அட்டை இருக்கும். கால்சட்டையின் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம், அட்டை வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடும். மெலிந்த முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை நகர்த்தி விடுவித்து, பிறகு பருத்த முனையை எடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது விட்டுவிட்டுப் போவதால் கசிவு நிற்க நேரமாகும். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.