மூன்று சான்றிதழ்களுக்குப் பிறகு: தோட்டத்துத் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

அன்பின் ஐயா,

உங்கள் மகள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் கல்வித் திறமை, தலைமைத்துவம், சமூக சேவை ஆகிய மூன்றுக்கும் சான்றிதழ் பெற்றதையும், அன்றிரவு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எல்லோரும் உங்கள் வாசலுக்கு வந்து வாழ்த்திச் சென்றதையும், அதற்குப் பிறகு ஒரு வாரமாக உங்களுக்கு உறக்கம் பிடிக்கவில்லை என்பதையும் எழுதியிருந்தீர்கள். இந்தச் சான்றிதழ்களால் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா, அல்லது இவற்றுக்காகச் செலவான நேரத்தினால் கிடைக்க வேண்டிய இடமும் கைநழுவிப் போய்விடுமா என்பதே உங்கள் கேள்வி. ஹட்டனில் நான் சந்திக்கும் பெற்றோர் பலரின் மனத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது. ஆனால் பிள்ளையின் பெருமைக்குக் குறை வந்துவிடுமோ என்று தயங்கி அதை வெளியே கேட்காமலேயே போய்விடுகிறார்கள். நீங்கள் மறைக்காமல் கேட்டிருப்பதால் நானும் மறைக்காமல் சொல்கிறேன்.

அரச பல்கலைக்கழக அனுமதிக்கு இந்த மூன்று சான்றிதழ்களும் உதவமாட்டா. உயர்தரப் பரீட்சையின் மூன்று பிரதான பாடங்களிலும் பிள்ளை பெறும் புள்ளிகளிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியே அங்கே இடத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் அந்த ஆண்டில் தோற்றியவர்களின் சராசரியை விட ஒரு மாணவர் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதை அளந்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுக்கும் முறை அது. 2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகள் எடுத்திருக்கவும் வேண்டும். இந்தக் கணக்கில் மாணவத் தலைவி என்பதற்கோ, ஞாயிறுதோறும் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததற்கோ ஒரு தசமமேனும் சேர்க்கப்படுவதில்லை. படிப்புக்கு அப்பாற்பட்ட துறைகளில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சிறந்து விளங்கியவர்களுக்கென்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு விசேட அனுமதி வழியை வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அது மிகச் சிலருக்கே உரியது, பாடசாலை மட்டத்துச் சான்றிதழைக் கொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது. மகாபொல புலமைப்பரிசிலும் உயர்தரப் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்த்தே வழங்கப்படுகிறது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட மாணவர்களைப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டு எடுத்துக்கொள்கின்றன என்று மகள் கைப்பேசியில் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே உயர்நிலைப் பாடசாலை மாணவர்களுக்கென்று தேசிய மரியாதைச் சங்கம் என்ற ஓர் அமைப்பு 1921இல் தொடங்கப்பட்டது. கல்வித் திறமை, சேவை, தலைமைத்துவம், நற்குணம் என்ற நான்கையும் பார்த்தே அதில் உறுப்பினர்களைச் சேர்க்கிறார்கள். அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, பரீட்சைப் புள்ளியோடு பிள்ளை எழுதும் கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், பாடசாலைக்கு வெளியே செய்த பணி ஆகியவற்றையும் சேர்த்து நோக்குவதால் அந்த மரியாதைக்கு அங்கே ஒரு பயன் இருக்கிறது. நம்முடைய அனுமதி முறை வேறு. அந்நாட்டு வழக்கத்தை நம் நாட்டுக்கும் பொருந்தும் என்று எண்ணி இரண்டு ஆண்டுகளைத் திட்டமிட்ட பிள்ளைகள் பெறுபேறு வந்த நாளில் கலங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்கள் மகளுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொன்னேன்.

மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. பிள்ளையின் மாவட்டத்தைத் தீர்மானிப்பது, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எங்கே படித்தார் என்பதே. ஆகவே இந்த விருதைக் காட்டி மகளைக் கண்டியிலோ கொழும்பிலோ பெரிய பாடசாலையில் சேர்த்துவிடலாம் என்று உறவினர் சொல்லும் யோசனையை இந்த ஒரு காரணத்துக்காகவேனும் ஆற அமர எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தகத்தோடு மட்டும் உட்காரச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு செய்தியை நான் பலமுறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை தாய்மார் கைக்காசுக் கொழுந்துக்கு, அதாவது பறிக்கும் நிறைக்கு ஏற்பக் காசு வாங்கும் வேலைக்கு, போய்விடும் நேரத்தில், கோயில் மண்டபத்தில் சிறு பிள்ளைகளை உட்காரவைத்து மகள் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறாள் என்றும், ஊழியர் சேமலாப நிதியிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதங்களைத் தோட்டத்துப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறாள் என்றும், அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கான மேன்முறையீட்டுப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தாள் என்றும் எழுதியிருந்தீர்கள். பாடசாலை அவளுக்கு வழங்கிய சமூக சேவைச் சான்றிதழ் எதற்காக என்று கேட்டால், பெரும்பாலும் சிரமதானத்தையும் இரத்ததான முகாமில் உதவியதையும் சொல்வார்கள். அவை நல்ல காரியங்களே. ஆனால் முப்பது வருடம் மலையில் உழைத்த ஒரு பாட்டிக்குத் தன் சேமலாபப் பணம் எங்கே நிற்கிறது என்பதை விளக்கிச் சொல்ல ஒரு பதினேழு வயதுப் பிள்ளை இருப்பதை நான் அவற்றை விடப் பெரிய சேவையாக மதிக்கிறேன். மூன்று தலைமுறையாக நம் மக்கள் தமக்கு விளங்காத காகிதங்களில் பெருவிரலை வைத்துவிட்டு வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பறித்த குடியுரிமையின் மிச்சம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு படிவத்தைச் சரியாக நிரப்பத் தெரிந்த பிள்ளை ஒரு தோட்டத்துக்கு எவ்வளவு பெரிய பலம் என்பது உங்களுக்கே புரியும்.

இந்தப் பணிக்கும் மதிப்புக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. பத்தனையில் உள்ள ஸ்ரீ பாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவற்றுக்கு உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் விண்ணப்பிப்பவர்களை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும்போது இணைப்பாடவிதானச் செயற்பாடுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆசிரியராக வர விரும்பும் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நடத்திய விதத்தை அங்கே சொன்னால் அதைக் கேட்பவர் மறக்கமாட்டார். வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களுக்கான விண்ணப்பங்களிலும், வங்கிகளிலும் தனியார் நிறுவனங்களிலும் பயிலுநர்களைத் தெரிவு செய்யும் நேர்முகங்களிலும், தொண்டு நிறுவனங்களின் களப்பணி வேலைகளிலும் இதே கேள்வி வரும். நான் நேர்முகக் குழுக்களில் அமர்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இருபது சான்றிதழ்களை உறையிலிட்டுக் கொண்டுவரும் பிள்ளையிடம் ஏதாவது ஒன்றை எடுத்து, இதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பல நேரங்களில் பதில் வருவதில்லை. கலந்துகொண்டேன் என்பதற்கு மேல் சொல்ல ஏதும் இருக்காது. உங்கள் மகளிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

இனி நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் உறக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியபடி பார்த்தால் மகள் தலைமை மாணவத் தலைவி, தமிழ் மன்றச் செயலாளர், பெண் சாரணியர் குழுவில் ஒருத்தி, முதலுதவிப் படையில் ஒருத்தி, இவற்றோடு ஞாயிறு வகுப்பும் இருக்கிறது. பாடசாலைக்குப் பஸ்ஸில் போய்வரவே நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஆகிறது. பீலியில் தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்ப்பதும் அவள் பங்கிலேயே இருக்கின்றன. உயிரியல் பிரிவில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இது தாங்காத சுமை. தலைமைத்துவம் என்றால் வருகிற பொறுப்பையெல்லாம் ஏற்பது என்று நம் பாடசாலைகளில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி கிடைத்துவிட்டால் எல்லாப் பதவிகளையும் அவள் தலையிலேயே வைத்துவிடுகிறார்கள். இதில் பிள்ளையின் பிழை ஏதும் இல்லை. அதிபரையோ வகுப்பாசிரியரையோ நீங்களே நேரில் சந்தித்து, மாணவத் தலைவி பொறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மன்றச் செயலாளர் பதவியையும் முதலுதவிப் படையையும் வேறு மாணவர்களிடம் ஒப்படைக்க அனுமதி கேளுங்கள். பெற்றோர் வந்து மரியாதையோடு கேட்கும்போது மறுக்கிற அதிபரை நான் இதுவரை காணவில்லை.

சாரணியத்தில் அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்பதைக் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். ஜனாதிபதி விருதுக்கு நெருங்கிவிட்டாள் என்றால் அதை முடிக்கட்டும். ஆரம்பப் படியிலேயே இருந்தால் இப்போது நிறுத்திக்கொள்ளலாம். எடின்பரோ கோமகன் சர்வதேச விருதுத் திட்டம் 14 முதல் 24 வயது வரை திறந்திருப்பதால், உயர்தரம் எழுதிய பிறகும் அவள் அந்த வழியில் போக இடமுண்டு. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அங்கே சேவையை ஒரு நாள் விழாவாகப் பார்ப்பதில்லை; வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் என்று மாதக்கணக்கில் விடாமல் செய்ததைத்தான் கணக்கெடுக்கிறார்கள். உங்கள் மகளின் ஞாயிறு வகுப்பு ஏற்கனவே அந்த வகையைச் சேர்ந்தது.

ஆகவே அந்த வகுப்பை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது, சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக வீட்டில் காத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் இருவரைப் பழக்கி அவர்களிடம் வகுப்பைக் கையளிக்கட்டும். அந்த மாதங்களில் நம் பிள்ளைகளில் பலர் கொழும்புக் கடைகளுக்குப் போய் அப்படியே படிப்பை விட்டுவிடுகிறார்கள். அந்த இருவரையேனும் ஒரு பொறுப்பு ஊரில் பிடித்து வைக்கும். தான் இல்லாமலும் வகுப்பு நடக்கும்படி செய்துவிட்டு விலகினால், தலைமைத்துவம் என்று அந்தச் சான்றிதழில் எழுதியிருப்பது முழு உண்மையாகிவிடும்.

இப்போது சான்றிதழ்களையே எடுத்துப் பாருங்கள். இதைச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. நான் உயர்தரம் முடித்து முதன்முதலாக ஒரு நேர்முகத்துக்குப் போனபோது, பிறப்புச் சான்றிதழில் என் தகப்பனாரின் பெயர் ஒரு விதமாகவும் பாடசாலைச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று நான் எவ்வளவு சொல்லியும் கேளாமல் அந்த அலுவலகத்தில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வாய்ப்பு எனக்குத் திரும்ப வரவில்லை. தோட்டங்களில் பிறப்புப் பதிவு நடந்த விதத்தினால் இந்தப் பிரச்சினை நம்மவர்களுக்கு இன்றைக்கும் அதிகம்: பதிவில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் வேறொரு பெயர். மகளின் மூன்று சான்றிதழ்களையும் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழ் ஆகியவற்றோடு பக்கத்தில் வைத்து, முதலெழுத்து உட்பட ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் விருதுச் சான்றிதழைப் பாடசாலையிலேயே மாற்றித் தருவார்கள். பிழை பிறப்புச் சான்றிதழில் என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போக வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால் உயர்தர விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

மழைக்காலத்தில் லயத்துக் கூரை எப்படி ஒழுகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூலப் பிரதிகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். மாட்டுவதற்குப் போட்டோப் பிரதி போதும்.

மகளுக்கு ஒரு தடித்த கொப்பி வாங்கிக் கொடுத்து, ஞாயிறு வகுப்பு தொடங்கிய திகதி, ஒவ்வொரு வாரமும் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, நடத்திய பாடம், நிரப்பிக் கொடுத்த படிவங்கள் ஆகியவற்றை எழுதி வைக்கச் சொல்லுங்கள். யாருடைய படிவம் என்ற பெயரையோ அவர்களுடைய இலக்கங்களையோ அதில் எழுத வேண்டாம்; அது அவர்களுடைய சொந்த விடயம். மாதத்துக்கு ஒருமுறை கோயில் பரிபாலன சபைத் தலைவரிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ கையொப்பம் வாங்கி வைக்கட்டும். பாடசாலை விடுகைப் பத்திரத்தில் இணைப்பாடவிதானச் செயற்பாடுகளை எழுதும் இடத்தில் இந்தப் பணியும் சேரும்படி வகுப்பாசிரியரிடம் இப்போதே சொல்லி வைப்பது நல்லது. பாடசாலையை விட்டு விலகும் நாளில் அவசர அவசரமாக எழுதும்போது பல விடயங்கள் விடுபட்டுப் போகின்றன.

வயது வந்த பிள்ளை ஊர் வேலையென்று திரிகிறாள் என்று சிலர் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். வகுப்பு கோயில் மண்டபத்தில், பகலில், தாய்மாரில் ஒருவர் உடனிருக்க நடக்கட்டும். படிவம் நிரப்பித் தரும்படி கேட்பவர்கள் உங்கள் வீட்டு வாசலுக்கு வரட்டும். பாதுகாப்புக்கு இது வேண்டும். அதற்கு மேல் பேசுகிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். மகனுக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தை அவன் முன்னால் பேசாதீர்கள். அவன் எட்டாம் வகுப்பில்தான் இருக்கிறான். அக்காவின் வகுப்பில் பாய் விரிப்பதும் கரும்பலகை துடைப்பதும் அவன்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதையும் கொப்பியில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சம்பளத்துக்குப் பிந்திய சனிக்கிழமை நீங்களும் மகளும் ஹட்டனுக்கு வர முடியுமானால், சாதாரண தரப் பெறுபேறும் இதுவரை நடந்த தவணைப் பரீட்சைகளின் புள்ளிகளும் கொண்டு வாருங்கள். இரசாயனவியலில் புள்ளி இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எந்தத் தவணையிலிருந்து இறங்கியது, அந்தத் தவணையில் அவள் எந்தப் பொறுப்பை ஏற்றாள் என்பதை ஒன்றாக வைத்துப் பார்த்து, அதிபரிடம் எதை விடுவிக்கக் கேட்பது என்பதை மூவருமாக முடிவு செய்வோம். அதிபரிடம் கொடுக்க ஒரு கடிதம் எழுதவும் நான் உதவி செய்கிறேன்.