பத்து வருட வாரன்டி, நாலே வருடத்தில் அரித்துப்போன காயில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீடு தூத்துக்குடி முத்தையாபுரத்தில், உப்பளத்துக்குப் பக்கம். 2021 ஏப்ரலில் மதுரையில் ஒரு கடையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. வாங்கினேன். விலை 41,500 ரூபாய். கடைக்காரர் வற்புறுத்தியதால் இன்னும் 4,990 ரூபாய் கட்டி, முதல் வருடத்துக்குப் பிறகு நான்கு வருடத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரன்டியும் எடுத்தேன். பாகம், கேஸ் (குளிர்விக்கும் வாயு), கூலி எல்லாம் அடங்கும் என்று ரசீதிலேயே இருக்கிறது. நிபந்தனைகள் மட்டும் பத்து நாள் கழித்து மெயிலில் வந்தன. 2025 மே மாதம் குளிர்ச்சி குறைந்தது. கம்பெனி மெக்கானிக் கேஸ் போட்டு 3,200 ரூபாய் வாங்கினார். ஜூலையில் திரும்பவும் அதே கதை, அதே 3,200. ஆகஸ்டில் இன்னொருவர் வந்து, "அவுட்டோர் (வெளியே மாட்டியிருக்கும் யூனிட்) காயில் ஓட்டை. உப்புக் காற்றில் அரித்ததற்கு வாரன்டி கிடையாது, புதுசு 13,500 ஆகும்" என்று சொல்லிவிட்டார். பெட்டியில் '10 வருட வாரன்டி' என்று போட்டிருந்ததே? ஏ.சி. நாலு வருடம்தான் உழைக்குமா? வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம் அம்மா. பெட்டியில் இருக்கும் பத்து வருடத்தை மறந்துவிடுங்கள், அது கம்பிரசருக்கு மட்டும். உங்கள் கம்பிரசர் நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த 4,990 ரூபாய் ரசீதுதான் உங்கள் வழக்கின் அச்சாணி.

ஏ.சி. இத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உள்நாட்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடுகிற இயந்திரம் கடலோரத்தில் ஐந்தாறு வருடத்திலேயே தகராறு செய்யும். காயில் என்பது செம்புக் குழாய், அதைச் சுற்றி அலுமினியத் தகடு. உப்பு ஈரம் படிந்தால் இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் அலுமினியம் முதலில் அரிக்கும். உங்கள் அவுட்டோரின் பின்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், தகடு விபூதி மாதிரி உதிரும். என் வீட்டிலும் ஒன்று ஆறாவது வருடம் அப்படித்தான் போனது. வக்கீல் வீட்டு ஏ.சி. என்று உப்புக்குத் தெரியுமா என்ன.

அதனால் 'உற்பத்திக் குறைபாடு' என்று மட்டும் மனு எழுதாதீர்கள். அதை நிபுணர் சான்றோடு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நான்கு வருடம் ஓடிய இயந்திரத்தில் அது லேசான காரியம் இல்லை. உங்களுக்கு அதைவிடக் கெட்டியான இரண்டு பிடிமானம் இருக்கிறது.

முதலாவது, கேஸ். அது ஸ்கூட்டரில் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். நைட்ரஜன் ஏற்றி பிரஷர் பார்த்து, சோப்பு நுரை தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் கேஸ் போட வேண்டும். ஓட்டையைத் தேடாமல் இரண்டு தடவை கேஸ் போட்டது, அதுவும் கேஸ் அடங்கிய வாரன்டி நடப்பில் இருக்கும்போது 6,400 ரூபாய் வாங்கியது, அப்பட்டமான சேவைக் குறைபாடு. இந்த விஷயத்தில் கம்பெனி தப்பிக்க வழி அதிகம் இல்லை.

இரண்டாவது, உங்கள் பில். அதில் டெலிவரி முகவரி முத்தையாபுரம், தூத்துக்குடி என்றுதானே இருக்கும்? ஏ.சி. எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்துதான் 4,990 ரூபாய் வாங்கினார்கள். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் உப்பு அரிப்புக்கு வாரன்டி இல்லை என்றால், அதைப் பணம் வாங்கும் முன் சொல்லியிருக்க வேண்டும், பத்து நாள் கழித்து மெயிலில் அனுப்பினால் போதாது. காப்பீட்டு வழக்குகளில், பாலிசிதாரருக்குத் தெரிவிக்காத விலக்கு நிபந்தனையை நிறுவனம் பிடித்துக்கொண்டு தொங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: 2000-இல் மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கு, 2019-இல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கு. உங்களுடையது காப்பீடு இல்லைதான், ஆனாலும் அந்த நியாயத்தை இங்கேயும் எடுத்து வாதாடலாம்.

மனுவில் 'நியாயமற்ற வணிக நடைமுறை', 'சேவைக் குறைபாடு' என்றே எழுதுங்கள். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வகைப் புகாரை மாநில நுகர்வோர் ஆணையம்தான் விசாரிக்கும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே எதிர்த்தரப்பு மாவட்ட ஆணையத்தில் உங்கள் மனுவை இழுத்தடிக்கும்.

கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டாம். 2019 சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கும் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை, ஏ.சி. கம்பெனி, எக்ஸ்டெண்டட் வாரன்டி கொடுத்த நிறுவனம் (சில சமயம் அது தனி நிறுவனமாக இருக்கும்) மூன்றையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, எங்கள் பிழைப்பில் மண்தான்.

காலக்கெடு இரண்டு வருடம். ஆகஸ்டில் மறுத்ததிலிருந்து எண்ணலாம் என்றாலும், முதல் பழுது மே மாதம் வந்ததால் 2027 மே மாதத்துக்கு முன்பே தாக்கல் செய்துவிடுவது உத்தமம். நோட்டீஸ் அனுப்பிக்கொண்டே இருந்தால் கெடு நீளும் என்று பலர் நினைக்கிறார்கள். நீளாது.

என்ன கிடைக்கும்? முழு விலையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், நான்கு வருடம் அனுபவித்திருக்கிறீர்கள். காயிலை இலவசமாக மாற்றிக் கொடுப்பது, 6,400 ரூபாயைத் திருப்பித் தருவது, அலைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. இவற்றைக் கேளுங்கள்.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், சில சமயம் அதிலேயே காரியம் முடிந்துவிடும். அப்புறம், ஆகஸ்டில் வந்தவர் வாயால் சொன்னதை கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்தில் வாங்குங்கள். மே, ஜூலையில் மெக்கானிக் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட் (வேலைச் சீட்டு) இரண்டையும் எடுத்து வையுங்கள். வெயில் தாங்காமல் காயிலை நீங்களே மாற்றிக்கொள்வதாக இருந்தால், முதலில் கம்பெனிக்கு எழுதித் தெரிவியுங்கள். கழற்றும் முன் ஓட்டை விழுந்த இடத்தை, அதைச் சுற்றி எண்ணெய்க் கறை தெரியும்படி, படம் எடுங்கள். பழைய காயிலை எடைக்குப் போட்டுவிடாமல் சாக்கில் கட்டிப் பரணில் வையுங்கள். செம்புக்கு நல்ல விலை என்று மெக்கானிக் கேட்பார், கொடுக்காதீர்கள்.