ஜாவா ஸ்விங்ல லாகின் விண்டோ முடியுற வரைக்கும் மெயின் விண்டோ வராம எப்படி நிறுத்தி வைக்கிறது?

கேள்வில நீங்க சொன்னபடி லாகினுக்கு ஒரு ஜேஃப்ரேம் (ஜாவால விண்டோ, பட்டன் எல்லாம் செய்யுற ஸ்விங் லைப்ரரியோட சாதாரண விண்டோ), மெயினுக்கு இன்னொரு ஜேஃப்ரேம், லாகின் ஓகே ஆச்சான்னு ஒரு பூலியன் (ட்ரூ, ஃபால்ஸ் மட்டும் வைக்கிற வேரியபிள்) வச்சு வொயில் லூப்ல சுத்தி சுத்தி பாக்குறீங்க, லாகின் விண்டோ வெள்ளையா வந்து அப்படியே நின்னுடுது. முதல் வேலையா அந்த லூப்பைத் தூக்குங்க. நடுவுல ஸ்லீப் போட்டுப் பாத்தேன்னு வேற எழுதியிருக்கீங்க, அதனாலயும் ஒண்ணும் ஆகாது. ஸ்விங்ல பெயிண்ட் ஆகுறது, பட்டன் கிளிக், கீபோர்டு எல்லாமே ஒரே த்ரெட்லதான் (கோடை ஒண்ணு ஒண்ணா ஓட்டுற ஒரு வரிசை) நடக்கும், ஈவென்ட் டிஸ்பாட்ச் த்ரெட், சுருக்கமா ஈடிடி. உங்க லூப் அந்த த்ரெட்டைப் பிடிச்சுக்கிட்டு கிளிக்குக்காக காத்திருக்கு, கிளிக்கோ லூப் எப்ப விடும்னு கியூல நிக்குது, ரெண்டுல எது முதல்ல நகரும்?

மோடல்னா தான் மூடுற வரைக்கும் மத்த விண்டோவைத் தொட விடாத விண்டோ, ஜேஃப்ரேமை அப்படி ஆக்க வழியே இல்ல. லாகினை ஜேடயலாக்கா மாத்துங்க, கன்ஸ்ட்ரக்டர்ல ஓனர் (டயலாக் எந்த விண்டோவைச் சேர்ந்ததுன்னு), டைட்டில், அப்புறம் மோடலுக்கு ட்ரூ. இப்ப செட்விசிபிள் ட்ரூன்னு கூப்பிட்டீங்கன்னா டயலாக் மூடுற வரைக்கும் உங்க கோடு அந்த வரியைத் தாண்டாது. அப்ப அதுவும் ஈடிடியைத்தானே பிளாக் பண்ணுதுன்னு கேப்பீங்க, இல்ல, மோடல் டயலாக் தெரியும்போது ஜாவா உள்ளுக்குள்ள இன்னொரு ஈவென்ட் லூப்பை ஓட்ட ஆரம்பிச்சுடும், அதனால உங்க மெத்தட் நிக்கும் ஆனா கிளிக், பெயிண்ட் எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். (இதே வசதியை நாமளே தனியா பயன்படுத்திக்க ஜாவா 7ல செகண்டரிலூப்னு ஒண்ணு குடுத்தாங்க, உங்களுக்கு அது தேவைப்படாது.)

மெயின் மெத்தட்ல இன்வோக்லேட்டருக்குள்ள (குடுத்த கோடை ஈடிடில ஓட்டுறது) லாகின் டயலாக்கை உருவாக்குங்க, காட்டுங்க, அடுத்த வரியிலயே டயலாக்கைக் கேளுங்க லாகின் ஆச்சான்னு, ஆச்சுன்னா மெயின் ஃப்ரேமைத் திறங்க, இல்லன்னா ப்ரோக்ராமை மூடுங்க. லிசனர் எதுவும் வெளியில கட்ட வேண்டாம், பூலியனை ஸ்டாட்டிக் ஆக்கி எல்லா கிளாஸ்லயும் அலைய விட வேண்டாம்.

என்னைக் கேட்டா மோடல் டயலாக்கை ஒரு விண்டோவா பாக்காம ஒரு மதிப்பைத் திருப்பித் தர்ற மெத்தடா பாக்கணும். நான் பில்லிங் சாஃப்ட்வேர் பக்கம் வேலை பாக்குற ஆள், அங்க பில் போடுறவர் எஃப்4 தட்டினா கஸ்டமர் தேடுற டயலாக் வரும், பேர்ல ரெண்டு எழுத்து அடிச்சு, லிஸ்ட்ல ஒண்ணை செலக்ட் பண்ணி எண்டர் தட்டுவார். பில் ஸ்கிரீன் கோடுல இது ஒரே வரி, கஸ்டமரைத் தேர்ந்தெடுன்னு ஒரு மெத்தட் கூப்பிடுறோம், அது கஸ்டமர் ஆப்ஜெக்ட் தரும் இல்ல நல் (ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்) தரும். அந்த மெத்தடுக்குள்ள டயலாக் திறக்குதா வேற என்ன நடக்குதுன்னு பில் ஸ்கிரீனுக்குத் தெரியவே தெரியாது. ரிசல்ட் வேரியபிளை டயலாக் திறக்கும்போதே நல்னு வச்சுட்டு, ஓகே பட்டன்ல மட்டும் மதிப்பு போடுங்க. அப்ப கேன்சல் அழுத்தினாலும், எஸ்கேப் தட்டினாலும், மூலையில இருக்கிற எக்ஸை அழுத்தினாலும் எல்லாம் ஒரே அர்த்தம்தான், ரிசல்ட்டைப் பொறுத்தவரை எக்ஸுக்குன்னு தனியா யோசிக்க வேண்டியதில்ல. எஸ்கேப் மட்டும் தானா வேலை செய்யாது, ரூட்பேன்ல (டயலாக்கோட உள்பகுதி முழுக்கத் தாங்குற பேனல்) நாமதான் கீயைக் கட்டணும், எண்டருக்கு அதே ரூட்பேன்ல செட்டிஃபால்ட்பட்டன். கவுன்டர்ல இருக்கிறவங்க மவுஸைத் தொடவே மாட்டாங்க, இந்த ரெண்டையும் விட்டீங்கன்னா ஃபோன் வரும்.

லாகின்ல எல்லாரும் விழுற குழி ஒண்ணு. ஓகே பட்டனோட ஆக்‌ஷன்லயே மெயின் ஃப்ரேமைத் திறந்துட்டு டயலாக்கை மூடாம விட்டுடுவாங்க, மெயின் ஃப்ரேம் வரும் ஆனா எதை அழுத்தினாலும் அசையாது, ஏன்னா மோடல் டயலாக் இன்னும் உயிரோட இருக்கு, அது இருக்கும்போது புதுசா வர்ற ஃப்ரேமும் சேர்ந்து பிளாக் ஆகும். ஓகே பட்டன் ரிசல்ட்டை வச்சுட்டு டிஸ்போஸ் பண்ணினா (டயலாக்கை மூடி முழுசா விடுவிச்சா) போதும், அடுத்து என்னன்னு முடிவு பண்றது கூப்பிட்ட இடத்தோட வேலை. அதுக்காக செட்விசிபிள் ஃபால்ஸ் போட்டாலும் கோடு அடுத்த வரிக்குப் போகும்தான், ஆனா டயலாக் மறைஞ்சு மட்டும்தான் இருக்கும், ஜேடயலாக்கோட டிஃபால்ட் க்ளோஸும் வெறும் மறைக்கிறதுதான், அப்படி ஒண்ணு மிச்சம் இருந்தா மெயின் ஃப்ரேமை டிஸ்போஸ் பண்ணினாலும் ப்ராசஸ் டாஸ்க் மேனேஜர்ல உக்காந்துக்கிட்டே இருக்கும்.

ஓனருக்கு நல் குடுக்காதீங்க. லாகின்ல வேற வழியில்ல, அப்ப மெயின் ஃப்ரேமே பிறக்கல, சரி. மத்த இடத்துல ஓனர் இல்லாத டயலாக் மெயின் விண்டோவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்க வாய்ப்பு இருக்கு, முன்னாடி தெரியுற விண்டோ மோடலால பிளாக் ஆகியிருக்கும், யூசர் கூப்பிட்டு சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சும்பார். பேனலுக்குள்ள இருந்து கூப்பிடும்போது ஓனர் கையில இல்லன்னா ஸ்விங்யூட்டிலிட்டீஸ்ல கெட்விண்டோஆன்செஸ்டர் இருக்கு, பேனல் எந்த விண்டோல இருக்குன்னு தரும். டயலாக்குக்குள்ள இருந்து இன்னொரு டயலாக் திறந்தா ஓனரா அந்த முதல் டயலாக்கைக் குடுங்க, மெயின் ஃப்ரேமை இல்ல.

ஜாவா 6ல இருந்து மோடலுக்கு ட்ரூ, ஃபால்ஸ் மட்டும் இல்லாம மோடாலிட்டி டைப் வந்துச்சு. ட்ரூ குடுத்தா அப்ளிகேஷன் மோடல், அதாவது ப்ரோக்ராமோட எல்லா விண்டோவும் நிக்கும். டாக்குமென்ட் மோடல்னா அந்த ஓனர் குடும்பம் மட்டும் நிக்கும், ரெண்டு பில் விண்டோ பக்கத்துல பக்கத்துல திறந்து வேலை பாக்குறவங்களுக்கு இதான் சரி. ஹெல்ப் விண்டோ மாதிரி எந்த டயலாக்கும் பிளாக் பண்ணக்கூடாத விண்டோவுக்கு செட்மோடல்எக்ஸ்க்ளூஷன்டைப்ல அப்ளிகேஷன் எக்ஸ்க்ளூட் போட்டுக்கலாம்.

பாஸ்வேர்டை சர்வர்ல செக் பண்றீங்கன்னா அதை ஓகே பட்டனோட ஆக்‌ஷன்ல நேரா பண்ணாதீங்க, மறுபடி ஈடிடி நின்னுடும். ஸ்விங்வொர்க்கர்ல (வேலையை வேற த்ரெட்ல ஓட்டுற கிளாஸ்) போட்டு, எக்ஸிக்யூட் பண்ணிட்டு அடுத்த வரியில "காத்திருக்கவும்"னு ஒரு சின்ன மோடல் டயலாக்கைக் காட்டுங்க, வொர்க்கரோட டன் மெத்தட்ல (வேலை முடிஞ்சதும் ஓடுறது) அதை டிஸ்போஸ் பண்ணுங்க. டயலாக் வர்றதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சா மாட்டிக்குமான்னு நிறைய பேர் பயப்படுறாங்க, மாட்டாது, டன் ஓடுறதும் ஈடிடிலதான், உங்க கோடு டயலாக்கைக் காட்டி நின்ன பிறகுதான் அதுக்கு முறை வரும். ஆனா டயலாக்கைக் காட்டுறதுக்கு முன்னாடி வொர்க்கர்கிட்ட கெட் (வேலை முடியுற வரைக்கும் காத்திருந்து ரிசல்ட் தர்றது) கூப்பிட்டீங்கன்னா பழைய வொயில் லூப் கதைதான்.

கீழ கமென்ட்ல அஞ்சு ஸ்டெப் இருக்கிற ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் இதே மாதிரி அஞ்சு டயலாக் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம் ப்ரோ. ஒரே டயலாக், உள்ள கார்ட்லேஅவுட்ல (ஒரு நேரத்துல ஒரு பேனலை மட்டும் காட்டுறது) அஞ்சு பேனல், பேக் பட்டன் வைக்கிறதும் அதுலதான் சுலபம்.