நம்பலாமா வேணாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே2-18பி கிரகத்துல உயிர் இருக்க அடையாளம் கிடைச்சிடுச்சுன்னு 2025 ஏப்ரல்ல ஒரே பரபரப்பு, கொஞ்ச நாள்லயே அப்படி ஒண்ணும் இல்லைன்னு வேற டீம் சொல்லுது. ஆராய்ச்சிக்காரங்களை எப்படித்தான் நம்புறது? (வாசகர், திண்டுக்கல்)

நம்பலாங்க, ஆனா அவங்க சொன்னதை முழுசா கேட்டுட்டு நம்பணும். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங் படிச்சு இப்போ கேம்பிரிட்ஜ்ல இருக்கிற வானியலாளர் நிக்கு மதுசூதனும் அவரோட டீமும்தான் ஏப்ரல்ல அதைச் சொன்னது. அந்தக் கிரகம் 124 ஒளியாண்டு தூரத்துல இருக்கு, அது தன்னோட நட்சத்திரத்துக்குக் குறுக்கே போறப்போ நட்சத்திர வெளிச்சத்துல கொஞ்சம் கிரகத்தோட காத்து வழியா வரும், அதுல எந்தெந்த அலைநீளம் குறையுதுன்னு ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்ல பார்த்து என்ன வாயு இருக்குன்னு கணிப்பாங்க. அப்படிப் பார்த்ததுல டைமெத்தில் சல்ஃபைடு, இல்லேன்னா அதுக்கு நெருங்கின இன்னொரு வாயு இருக்கிற மாதிரி தெரியுதுன்னாங்க. பூமியில அதைப் பெரும்பாலும் உண்டாக்குறது கடல்ல இருக்கிற நுண்பாசிங்க, அதனாலதான் அவ்வளவு பரபரப்பு.

ஆனா அவங்களே சொன்னது மூணு சிக்மா அளவுதான், அதாவது இப்படி ஒரு சிக்னல் தற்செயலா வர்றதுக்கு 0.3 சதவீதம் வாய்ப்பு இருக்கு. கண்டுபிடிச்சாச்சுன்னு அடிச்சுச் சொல்ல அஞ்சு சிக்மா வேணும், அங்க அந்த வாய்ப்பு 0.00006 சதவீதத்துக்கும் கீழ போயிடும். இது தலைப்புச் செய்தியில வரலை, எனக்கு அதுதான் வருத்தம். அப்புறம் வேற ஆளுங்க அதே டேட்டாவை எடுத்து வேற முறையில கணக்குப் போட்டாங்க, அந்த சிக்னல் நிக்கலை. அது போக உயிரே இல்லாத 67பி வால்நட்சத்திரத்துலயும் இதே டைமெத்தில் சல்ஃபைடு இருக்கிறது முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதனால வாயு இருந்தாலே உயிர்னு சொல்லிட முடியாது. ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் சோதிக்கிறதுதான் ஆராய்ச்சியே, இதுல யாரும் யாரையும் ஏமாத்தலை.

சட்டத்துல ஆராய்ச்சின்னா பழைய தீர்ப்புகளைப் படிக்கிறதுதானே? புதுசா கண்டுபிடிக்க அதுல என்ன இருக்கு? (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

நல்லா கேட்டீங்கம்மா. ஹார்வர்ட் சட்டக் கல்லூரி 1946ல ஒரு பழைய தோல் ஏட்டை 27 டாலர் 50 சென்ட்டுக்கு வாங்குச்சு. மாக்னா கார்ட்டாங்கிற பழைய இங்கிலாந்து உரிமைச் சாசனத்தோட நகல், 1327ல எழுதினது, ஈரம்பட்டு மங்கிப் போனதுன்னு சொல்லி வித்திருக்காங்க. லண்டன் கிங்ஸ் காலேஜ் பேராசிரியர் டேவிட் கார்ப்பென்டர் அந்த நூலகத்தோட வெப்சைட்ல மாக்னா கார்ட்டாவோட சாதாரண நகல்களைத் தேடிட்டு இருந்தப்போ இதோட படம் கண்ணுல பட்டிருக்கு, பார்த்ததுமே இது நகல் இல்லை, 1300ல முதலாம் எட்வர்ட் ராஜா வெளியிட்ட அசல்னு சந்தேகம் வந்துடுச்சு. சந்தேகத்தை வச்சுக்கிட்டு அறிவிச்சுட முடியாதே, அவரும் இன்னொரு பேராசிரியர் நிக்கோலஸ் வின்சென்ட்டும் சேர்ந்து புற ஊதாக் கதிர்ல படம் எடுக்கச் சொல்லி, மங்கின எழுத்தை எல்லாம் படிச்சு, 1300ல வெளியான அசல்கள்ல ஏற்கெனவே தெரிஞ்ச ஆறோட வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட்டாங்க. வார்த்தையும் வரிசையும் பொருந்துச்சு, ஏட்டோட அளவும் ஒத்துப்போச்சு, முதல் வார்த்தையோட பெரிய எழுத்தும் முதல் வரியை நீட்டி எழுதின விதமும்கூட அப்படியே இருந்துச்சு. 2025 மே மாசம் இது ஏழாவது அசல்னு அறிவிச்சாங்க. சட்டப்படியான தீர்ப்பு இல்லாம யாரையும் சிறையில போடக் கூடாதுன்னு சொல்ற ஆவணம் அது, அது ஒரு சட்டக் கல்லூரியிலயே இத்தனை வருஷம் அடையாளம் தெரியாம இருந்திருக்கு. உங்க ஊர் நீதிமன்றப் பழைய ரெக்கார்டையும் யாராவது இப்படிப் பொறுமையா படிச்சா நல்லாயிருக்கும், நீங்களே தொடங்குங்களேன்.

கணக்குல பெரிய டிகிரி இல்லாதவங்க ஏதாவது புதுசா கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், ஈரோடு)

முடியும். இங்கிலாந்துல யார்க்‌ஷயரைச் சேர்ந்த டேவிட் ஸ்மித், அச்சுத் துறையில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், 2022 நவம்பர்ல 13 பக்கம் உள்ள ஒரு வடிவத்தைக் கண்டுபிடிச்சார். அந்த ஒரே வடிவ டைல்ஸை வச்சு எவ்வளவு பெரிய தரையையும் இடைவெளி இல்லாம நிரப்பலாம், ஆனா டிசைன் ஒரு ஒழுங்குல திரும்பத் திரும்ப வரவே வராது. 1966ல ராபர்ட் பெர்கர் இதே வேலைக்கு 20,426 வகை டைல்ஸ் வச்சிருந்தார், 1970கள்ல கணித அறிஞர் பென்ரோஸ் அதை ரெண்டா குறைச்சார், ஒண்ணே போதுமாங்கிறது அதுக்கப்புறமும் கேள்வியாவே கிடந்துச்சு. ஸ்மித் அட்டையில வெட்டி அடுக்கிப் பார்த்தார், ஆனா எத்தனை அடுக்கினாலும் முடிவில்லாத தரைக்கு அது நிரூபணம் ஆகாதுங்க. அதுக்குத்தான் கம்ப்யூட்டர் பேராசிரியர் கிரெய்க் கப்லானும் இன்னும் ரெண்டு பேரும் ஸ்மித்தோட சேர்ந்து 2023 மார்ச்ல நிரூபணத்தை வெளியிட்டாங்க. அதுல சில டைல்ஸைக் குப்புறத் திருப்பிப் போட வேண்டியிருந்துச்சு, மே மாசமே திருப்பாம ஒட்டுற இன்னொரு வடிவமும் வந்துடுச்சு.

காத்துல இருக்கிற நைட்ரஜனைத் தானே எடுத்துக்கிற செல் கிடைச்சிருக்காமே, இனி நெல்லுக்கு யூரியா வேணாமா? (விவசாயி, தஞ்சாவூர்)

அய்யா, கிடைச்சது உண்மை, ஆனா அது ஒரு கடல் பாசியில. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜோனதன் ஜெர் 1998ல பசிபிக் கடல் தண்ணியில நைட்ரஜனை எடுக்கிற ஏதோ ஒரு உயிரோட டிஎன்ஏ துண்டைப் பார்த்தார், ஜப்பான்ல கியோகோ ஹகினோங்கிற ஆராய்ச்சியாளர் அது குடியிருக்கிற பாசியைத் தனியா வளர்க்கவே பத்து வருஷத்துக்கு மேல மெனக்கெட்டாங்க. பாசிக்குள்ள இருந்து நைட்ரஜனை எடுக்கிறது விருந்தாளி பாக்டீரியான்னுதான் நினைச்சிருந்தாங்க, ஆனா பாசி பிரியறப்போ அதுவும் கூடவே பிரியுது, தனக்கு வேண்டிய புரதத்துல நிறைய பாசிகிட்ட இருந்தே வாங்கிக்குது, அதனால அது செல்லோட ஒரு உறுப்பாவே ஆயிடுச்சுன்னு 2024ல சொன்னாங்க. நைட்ரோபிளாஸ்ட்னு பேரு. இதைப் பயிருக்குள்ள கொண்டு வரலாமான்னு யோசிக்கிறாங்க, ஆனா இயற்கையில இந்தக் கூட்டு தொடங்கியே சுமார் 10 கோடி வருஷம் ஆகுது, அதனால வர்ற சம்பாவுக்கு உரத்தைக் கணக்குல இருந்து எடுத்துடாதீங்க.